கேதத்துக்கும் ஒரு கெடு

கேள்வி: எருசலேம் கோவிலை யூதர்கள் இரண்டு முறை இழந்தார்கள். ஆனாலும் மீட்பு வரும் என்ற நம்பிக்கையை விடவில்லை. துக்கத்திலேயே மூழ்கிப்போகாமல் இருக்க ஏதாவது முறை வைத்திருக்கிறார்களா?
– வாசகி, சோழவந்தான்

பதில்: வைத்திருக்கிறார்கள். கேத வீட்டில் எத்தனை நாள் தரையில் உட்காருவது, என்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பது என்று நம் பக்கம் கணக்கு உண்டல்லவா? அவர்கள் கணக்கு இன்னும் கறார்.

கி.மு. 586-ல் பாபிலோனியரும் கி.பி. 70-ல் ரோமரும் கோவிலை அழித்ததற்கான துக்க நாள், யூத நாட்காட்டியில் ஆப் மாதம் 9. பெரும்பாலும் நம் ஆடியில் வரும். ஆடியில் நாம் கல்யாணம் வைக்காததுபோல, பல யூதச் சமூகங்களில் அதற்கு முந்தைய மூன்று வாரம் கல்யாணம் கிடையாது. காரணம்தான் வேறு.

முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் இருட்டும்வரை, சுமார் 25 மணி நேரம் நோன்பு. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. குளியலும் தோல் செருப்பும் இல்லை. இரவில் விளக்கைக் குறைத்துத் தரையில் அமர்ந்து, கோவில் நகரின் அழிவைப் பாடும் வேதாகமப் புலம்பல் நூலின் 5 அதிகாரங்களையும் வாசிப்பார்கள். ‘எங்களை அடியோடு வெறுத்துவிட்டீரோ’ என்ற தொனியில் நூல் முடிகிறது. அதோடு எழுந்துபோக வழக்கம் விடாது. ‘எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும்’ என்கிற அதற்கு முந்தைய வசனத்தை மறுபடி உரக்கச் சொன்ன பிறகே மூடுவார்கள்.

மறுநாள் உச்சி தாண்டியதும் தரையிலிருந்து நாற்காலிக்கு மாறலாம். பசி அப்படியேதான் இருக்கும். துக்கம் மட்டும் ஒரு படி இறங்கும். மீட்பர் வருவார் என்று அந்நேரம் வீட்டைப் பெருக்கும் வழக்கமும் சில சமூகங்களில் உண்டு. பிறகு ஏழு ஓய்வுநாள்கள், அதாவது சனிக்கிழமைகள், ஏசாயா தீர்க்கதரிசி நூலின் ஆறுதல் பகுதிகளை வாசிப்பார்கள். தொடக்கம் 40-ஆம் அதிகாரம். துக்கத்துக்கு மூன்று வாரம், தேறுவதற்கு ஏழு.

இதைவிட அழுத்தமான பாடம் எரேமியா தீர்க்கதரிசி நூலின் 32-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்து ஊரில் ஒன்றுவிட்ட சகோதரனின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு, ஏறக்குறைய 190 கிராம், கிரயம் வாங்குகிறார். எதிரி கையில் போகப்போகும் நிலம். இதைவிட வில்லங்கம் வேண்டுமா! ஆனாலும் வெள்ளியைத் தராசில் நிறுத்து, சாட்சிகளைக் கையெழுத்திடவைத்து, முத்திரையிட்டது ஒன்றும் திறந்தது ஒன்றுமாகப் பத்திரத்தை மண்பானையில் போட்டு வைக்கச் சொல்கிறார். நெடுநாள் கெடாமல் இருக்கவேண்டுமாம். மறுபடி இங்கே வீடும் வயலும் விற்பார்கள், வாங்குவார்கள் என்பதுதான் அவர் சொன்ன செய்தி. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று வாயால் சொல்வதற்கும் பத்திரம் எழுதுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

கேள்வி: யூத நோன்புகளில் சர்க்கரை நோயாளிக்கு விலக்கு உண்டா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: மேலே சொன்ன ஆப் 9 நோன்பில், உயிருக்கு ஆபத்தில்லாத நோயாளிக்கும் விலக்கு உண்டு. பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் கண்டிப்பு அதிகம்; உயிருக்கு ஆபத்து என்றால்தான் சாப்பிடலாம், அப்போது சாப்பிட்டே ஆகவேண்டும். பக்தி மிகுதியில் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டினி கிடப்பதை அந்த நெறி புண்ணியமாகக் கருதுவதில்லை.