தரங்கம்பாடியில் கோட்டையைத் தவிர என்ன இருக்கிறது? ஒரு மணி நேரம் போதுமா?

திருநள்ளாறு, வேளாங்கண்ணி போகிற வழியில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். கோட்டை, நாலைந்து பீரங்கி, ஒரு போட்டோ, அவ்வளவோடு வண்டி ஏறிவிட்டேன். அடுத்த தடவை ஓர் இரவு தங்கிய பிறகுதான் ஊர் பிடிபட்டது.

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் கரைக்குப் போய்விடுங்கள். ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். வலையை உதறி மீனைப் பிரித்தெடுப்பது ஒரு பக்கம், ஏலம் இன்னொரு பக்கம். கூடையோடு நிற்கும் பெண்கள் பேரம் பேசும் வேகத்துக்கு நம் காது பழகவே கொஞ்ச நேரம் ஆகும். நான் போன அன்று மீன்பாடு சுமார்தான்: மத்தியும் கானாங்கெளுத்தியும் இருந்தன, ஒரே ஒரு படகில் மட்டும் நல்ல வஞ்சிரம். அரை மணி நேரத்தில் எல்லாம் காலி.

அங்கே வலையைக் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கால் பெருவிரலில் வலையின் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் கிழிசலை முடிச்சுப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். கண் வலையைப் பார்க்கவே இல்லை, விரல்களே கண்ணியை அளந்துகொண்டன. "அந்தக் காலத்துல ஜிபிஎஸ் ஏதுங்கய்யா, கரையை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன். "கோட்டை தெரியுதா, கோயில் தெரியுதான்னு பாப்போம் தம்பி. ரெண்டும் எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாத்தா ஊரு எங்கன்னு தெரிஞ்சிரும்" என்றார். அதுவரை நான் கோட்டையைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். கடலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அடையாளக் கம்பம்.

அவர் சொன்ன கோயில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கருங்கல் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகள் மேல் ஐந்து நிமிடம் நின்றால் போதும், கடலோரத்தில் குடியிருப்பது என்றால் என்ன என்று தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்த ஊர்க்காரர்களிடம் நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களே சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

சரி, கோட்டைக்கு வருவோம். டேனிஷ்காரர்கள் மிளகு வியாபாரத்துக்காக வந்தவர்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, கப்பல் தளபதி ஓவே கெடெ இந்த டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. மேல்தளத்து அருங்காட்சியகத்தோடு நிறுத்திவிடாமல் கீழே இறங்கிப் பாருங்கள். சிப்பாய்கள் தங்கிய அறைகள், சரக்கறை, சிறை எல்லாம் அங்கேதான். தாழ்ந்த வளைவுக் கூரை, தடித்த சுவர், வெயில் நேரத்திலும் மங்கலான வெளிச்சம். எங்கோ வடகோடியிலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்த ஒரு சிப்பாய்க்கு நம் சித்திரை வெயில் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே நின்று யோசித்துப் பார்த்தேன், மனசு கனத்துவிட்டது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவையும் கோட்டைத் தலைவர் 1708-இல் பிடித்து நான்கு மாதம் இங்கேதான் அடைத்து வைத்தார். வெளியே வந்தவர் ஊரை விட்டுப் போகவில்லை. அச்சகம் நிறுவினார், 1719-இல் இங்கேயே இறந்தார். ராஜ வீதியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் கல்லறை இருக்கிறது. அதே வீதியின் மறுகோடியில் 1792-இல் கட்டிய நகர வாசல்.

1845-இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். துறைமுக வியாபாரம் மெல்ல மெல்ல நாகப்பட்டினம் பக்கம் நகர்ந்தது. மயிலாடுதுறையிலிருந்து வந்த ரயிலும் 1986-இல் நின்றது. ஊர் இன்று இவ்வளவு அமைதியாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். மீன்பிடி மட்டும் எந்தக் கொடி பறந்தபோதும் நிற்கவில்லை.

போவதானால் ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கரை களையிழந்து கிடக்கும். மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பஸ் உண்டு. காயும் வலையை மிதிக்காதீர்கள், செருப்போடு படகில் ஏறாதீர்கள். அப்புறம், யாரையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

சாயங்காலம் கோட்டைக்கு முன்னால் இருக்கும் திடலுக்கு வந்துவிடுங்கள். டேனிஷ் சிப்பாய்கள் அணிவகுத்த திடல் அது. நான் போனபோது பையன்கள் ஸ்டம்புக்குப் பதில் ஒரு துடுப்பை நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து கோட்டைச் சுவரில் நேராகப் பட்டால் நாலு ரன்.