மின்கார் இப்போதே வாங்கலாமா, இன்னும் இரண்டு வருஷம் பொறுக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வேலைக்காகத் தினமும் வேலூர் போய்வருகிறேன். போகவர 70 கிலோமீட்டர். மின்கார் வாங்க ஆசை. ஆம்பூரில் இருக்கும் என் மச்சான் வேண்டாம் என்கிறார். 'செல்போன் பேட்டரி இரண்டு வருஷத்தில் படுத்துவிடுகிறது, கார் பேட்டரியும் அப்படித்தான். டிவி மாதிரி விலையும் இறங்கும். பனப்பாக்கத்தில் டாடா கார் ஆலை வேறு வருகிறது, பொறு' என்கிறார். அவருக்கும் கார் வாங்கும் எண்ணம் இருக்கிறது. ஆனால் அவருக்கு நாளுக்கு 15 கிலோமீட்டர் ஓட்டம்தான். யார் சொல்வது சரி?"

உங்களுக்கு இப்போதே வாங்குவது லாபம். உங்கள் மச்சானுக்குப் பொறுப்பதுதான் நல்லது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் 25 நாள் என்றால் உங்களுக்கு வருஷத்துக்கு 21,000 கிலோமீட்டர். பெட்ரோல் கார் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்து, பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் வருஷச் செலவு சுமார் 1,25,000 ரூபாய். மின்கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடும். வருஷத்துக்கு 3,230 யூனிட் வேண்டும்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். இப்போது கொடுக்கும் இ.பி. பில்லை வைத்து யூனிட்டுக்கு நாலைந்து ரூபாய் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும் வீட்டில் இந்தக் கார் மட்டும் 540 யூனிட் சேர்க்கும். 500ஐத் தாண்டியதும் அதற்கு மேலுள்ள யூனிட்டுகளின் விலை எட்டு, ஒன்பது, பத்து என்று படிப்படியாக ஏறும். அதோடு கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். கூடுதல் பில்லை யூனிட்டால் வகுத்தால் 9 ரூபாய் வாக்கில் வருகிறது. அப்படியும் வருஷத்துக்கு 29,000 ரூபாய்தான். மிச்சம் சுமார் 96,000. கூரையில் இடமிருந்தால் 3 கிலோவாட் சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. நம் ஊர் வெயிலுக்கு அதையும் யோசியுங்கள்.

2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மின்காருக்குப் பழைய 5 சதவீதமே. அதனால் இரண்டுக்கும் நடுவே விலை இடைவெளி கூடிவிட்டது. மின்கார் 4 லட்சம் அதிகம் என்றே வைத்தாலும் உங்களுக்கு நாலே கால் வருஷத்தில் தேறிவிடும். மச்சானுக்கு வருஷ மிச்சம் 23,000 ரூபாய்தான். போட்ட பணம் திரும்பப் பதினேழு வருஷம் ஆகும்.

சரி, விலை இறங்கும் என்கிறாரே? பேட்டரி விலை இறங்கியது உண்மை. 2010இல் ஒரு கிலோவாட்-மணி, அதாவது ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி 1,000 டாலருக்கு மேல் விற்றது. 2024இல் சராசரி 115 டாலர். ஆனால் காரில் பேட்டரி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இரும்பும் டயரும் சீட்டும் டிவி மாதிரி மலிவாகாது. அடுத்த வருஷம் கார் 50,000 ரூபாய் குறைந்தாலும், அந்த ஒரு வருஷம் பொறுத்ததற்கு நீங்கள் 96,000 ரூபாயைப் பெட்ரோல் பங்கில் கூடுதலாகக் கொட்டியிருப்பீர்கள். மச்சான் பொறுத்தால் அவருக்கு 23,000தான் போகும். அவர் காத்திருக்கலாம். பனப்பாக்கம் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 9,000 கோடி முதலீடு. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது டாடா கார்களோடு, ஜாகுவார் லேண்ட் ரோவர் என்ற விலை உயர்ந்த சொகுசு கார்களுக்குமான திட்டம். பக்கத்தில் ஆலை இருப்பதால் நம் ஊர் ஷோரூமில் விலை குறையாது. பேட்டரி செல்கள் இன்றும் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகின்றன.

செல்போன் ஒப்பீடு நிற்காது. போனைத் தினமும் அடிவரை தீர்த்து, முழுக்க ஏற்றுகிறோம். முழு சார்ஜில் 260 கிலோமீட்டர் ஓடும் காரில் உங்களுக்கு ஒரு நாளைக்குக் கால்பங்குதான் தீரும். முழுக்க ஏற்றி முழுக்கத் தீர்ப்பதை ஒரு சுற்று என்று வைத்தால் வருஷத்துக்கு 80 சுற்று, பத்து வருஷத்தில் 800. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி 2,000 சுற்றுக்கு மேல் தாங்கும். பல கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. உங்கள் ஓட்டத்துக்கு கிலோமீட்டர்தான் முதலில் முடியும், ஏழரை வருஷத்தில். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்று வருஷத்தில் விற்றுவிடும் எண்ணமிருந்தால் மட்டும் வேண்டாம். புதிய கார்கள் மேம்பட மேம்பட, பழைய மின்காரின் விலை வேகமாக இறங்கும்.

பேட்டரியைப் பற்றி எனக்கு உள்ள கவலை நம் வெயில்தான். 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் 100 சதவீதம் ஏற்றி வெட்டவெளியில் நிறுத்தினால் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். நிழலில் நிறுத்துங்கள். வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் இரவில் போடுங்கள். தினசரிக்கு 80 சதவீதம் போதும். எல்.எஃப்.பி. என்றால் அளவு சரியாகக் காட்டுவதற்காக அவ்வப்போது முழுதாக ஏற்றச் சொல்வார்கள், அதைச் செய்யுங்கள்.

2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுமுட்டித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அதன்பிறகு அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஆனாலும் வீட்டு வயரிங் நம் பொறுப்பு. பழைய சுவிட்ச் போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துச் சார்ஜ் போடவே கூடாது. மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளியே போகும் ஒரே வழியை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள்.

அப்புறம், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் காரை ஷோரூம் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து முடித்துவிடாதீர்கள். மத்தியான வெயிலில் ஏ.சி.யைப் போட்டு, வீட்டிலிருந்து பள்ளிகொண்டா வழியாக ஹைவேயில் நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்திலேயே வேலூர் போய்த் திரும்புங்கள். எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 30க்குள் இருந்தால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தும். 40ஐத் தொட்டால் கொஞ்சம் பெரிய பேட்டரி உள்ள மாடலைப் பாருங்கள்.