மருந்து அலமாரியில், மருந்தாளர் வீட்டில்

கேள்வி: என் மாமனாருக்கு இரவில் மூக்கொழுகலும் இருமலும் அதிகமாகிவிட்டதால், கடைத்தொகுதியில் உள்ள மருந்துக்கடைக்குச் சென்றேன். கடை திறந்திருந்தது, கேட்ட மருந்தும் கண்ணெதிரே இருந்தது. ஆனால், மருந்தாளர் வீட்டுக்குப் போய்விட்டதால் தர இயலாது என்று காசாளர் கூறிவிட்டார். இப்படி மறுக்கச் சட்டத்தில் இடமுண்டா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கொடுத்திருந்தால்தான் குற்றம். சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் இங்கு விற்கப்படும் மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. ஆன்டிபயாடிக் போன்றவற்றுக்கு மருத்துவரின் சீட்டு கட்டாயம். பனடோல் (பாரசிட்டமால்) போன்றவற்றை எந்தக் கடையிலும் எந்நேரமும் வாங்கலாம். இவ்விரண்டுக்கும் நடுவே, சீட்டு தேவைப்படாவிட்டாலும், பதிவுபெற்ற மருந்தாளரே கொடுக்க வேண்டிய அல்லது அவரது மேற்பார்வையில் கொடுக்கப்பட வேண்டிய மருந்துகள் உள்ளன. உங்களைத் திருப்பி அனுப்பியது இந்த நடு வகைதான்.

இதை வெறும் கெடுபிடி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மூக்கொழுகலுக்கான பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் தூக்கத்தை வரவழைக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடக்கூடும். ஒரு வகைக் கண் அழுத்த நோயையும் மோசமாக்கக்கூடும். மாமனாரின் வயதென்ன, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார், இரவில் எழுந்து நடப்பாரா என்று கேட்டறிந்து கொடுப்பது மருந்தாளரின் வேலை. அதைக் காசாளரிடம் எதிர்பார்க்க முடியாது. பனடோலோடு சளி மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் அட்டையைப் படித்துப் பார்ப்பது நல்லது. பல சளி மாத்திரைகளிலும் அதே பாரசிட்டமால் இருக்கிறது. பெரியவர்களுக்கு அதன் உச்ச அளவு, எல்லாவற்றையும் சேர்த்து, நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு.

ஆனாலும் உங்கள் எரிச்சல் நியாயமானதே. கடை நேரம் வேறு, மருந்தாளர் நேரம் வேறு என்றால், அதை வாசலிலேயே பெரிதாக எழுதி வைப்பதில் கடைக்காரருக்கு என்ன கஷ்டம்? கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பலதுறை மருந்தகங்கள் (பாலிகிளினிக்குகள்) மாலையிலேயே மூடிவிடுவதால், பிறகு மிஞ்சுவது 24 மணி நேர கிளினிக்கும் தொலைமருத்துவச் சேவையும்தான். இங்குள்ள கிளினிக்குகளில் மருத்துவரைப் பார்த்த இடத்திலேயே மருந்தையும் தந்துவிடுவார்கள் என்பது நள்ளிரவில் பெரிய நிம்மதி. கட்டணம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் கடை தேடி அலையாமல் 995-ஐ அழையுங்கள்.

கேள்வி: திருச்சியிலிருந்து வந்திருக்கும் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. ஊர் மருத்துவரின் சீட்டைக் காட்டி இங்கு வாங்க முடியுமா?
- வாசகர், பொங்கோல்

பதில்: முடியாது; சிங்கப்பூரில் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டுதான் செல்லும். உங்கள் வீட்டில் வேறு யாராவது இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையை அவசரத்துக்கு எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கிளினிக்கில் காட்டினால் அதே மருந்தை வேறு பெயரில் எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த முறை வரும்போது, சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாதத்துக்குரிய அளவு வரை கொண்டு வரலாம். தூக்க மாத்திரை, கொடீன் கலந்த மருந்து போன்றவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். ஊர்க் கடைகளில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது மருந்தின் பெயர் உள்ள பாதி கடையிலேயே தங்கிவிடுவதுண்டு. ஆகவே முழு அட்டையாக வாங்கி, மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் தெரியும்படி கொண்டு வரச் சொல்லுங்கள்.