விளக்கு எரியாததற்குக் காரணம் கேபிள்தான்

கேள்வி: விண்டோஸ் 98 உள்ள பழைய கணினியில் 4 ஜிபி அளவுக்குக் குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றை எக்ஸ்பி கணினிக்கு மாற்ற வேண்டும். பழையது பென் டிரைவை ஏற்கவில்லை. மோடத்தோடு வந்த நெட்வொர்க் கேபிளால் இரண்டையும் இணைத்தேன், கேபிள் செருகும் நெட்வொர்க் கார்டின் விளக்கே எரியவில்லை. இரு முனையும் ஒரே மாதிரியான யுஎஸ்பி கேபிள் ஒன்று இருக்கிறது. அதைச் செருகலாமா?

பதில்: தயவுசெய்து செருகாதீர்கள். இரண்டு கணினிகளுமே யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் மின்சாரம் தருபவை. நடுவில் மின்னணுச் சில்லு இல்லாத வெறும் கேபிளால் அவற்றை இணைத்தால் ஒரு கோப்பும் போகாது. மதர்போர்டு பழுதாகவும் கூடும்.

நீங்கள் முதலில் தேர்ந்தெடுத்த வழி சரி, கேபிள்தான் தவறு. கணினியின் நெட்வொர்க் கார்டு 1, 2 ஆம் கம்பிகளில் அனுப்பும். 3, 6 ஆம் கம்பிகளில் வாங்கும். உங்களிடம் உள்ளது போன்ற, இரு முனையிலும் கம்பிகள் ஒரே வரிசையில் உள்ள நேர் கேபிளில் இரண்டு கணினிகளும் ஒரே கம்பிகளில் பேசும், கேட்க எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது, அனுப்பும் கம்பிகளும் வாங்கும் கம்பிகளும் ஒரு முனையில் இடம் மாறியிருக்கும் கிராஸ் ஓவர் கேபிள். வாங்குமுன் இரு பிளக்குகளையும் கொக்கி கீழே இருக்க, கணினியில் நுழையும் முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி அருகருகே பிடித்துப் பாருங்கள். ஒன்றில் இடது ஓரத்தில் ஆரஞ்சு ஜோடியும் மற்றதில் பச்சை ஜோடியும் இருந்தால் அதுதான். இரண்டிலும் ஒரே வரிசை என்றால் அது நேர் கேபிள். பிற்காலத்துக் கிகாபிட் கார்டுகள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்ளும். பழைய கார்டுகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

செருகியதும் கார்டில் விளக்கு எரிய வேண்டும். எரியும்வரை எந்த அமைப்பையும் தொடாதீர்கள். பிறகு நெட்வொர்க் அமைப்பில் ஐபி முகவரியாக (கணினியை அடையாளம் காட்டும் எண்) பழையதற்கு 192.168.0.1, எக்ஸ்பிக்கு 192.168.0.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கொடுங்கள். கேட்வே பெட்டி காலியாகவே இருக்கட்டும். எக்ஸ்பியிலிருந்து 192.168.0.1 முகவரிக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) செய்து பதில் வருகிறதா என்று பாருங்கள்.

ஃபோல்டரைப் பழைய கணினியில் பகிர்ந்து, எக்ஸ்பியிலிருந்து எடுப்பதே நல்லது. எதிர்த்திசையில் போனால் எக்ஸ்பி பாஸ்வேர்டு கேட்டு அலைக்கழிக்கும். 98இன் நெட்வொர்க் அமைப்பில் கோப்புப் பகிர்வைச் சேர்த்து, மறுபடி இயக்கி, ஃபோல்டரைப் ‘படிக்க மட்டும்’ என்று பகிருங்கள். எக்ஸ்பியின் ரன் பெட்டியில் \\ இட்டுப் பழைய கணினியின் பெயரை எழுதினால் ஃபோல்டர் தெரியும்.

100 மெகாபிட் கார்டுகளில் 4 ஜிபி பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சீரியல் கேபிளை யாராவது சிபாரிசு செய்தால் ஏற்காதீர்கள்: நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் இதே படங்கள் வந்து சேர நான்கு நாளுக்கு மேல் ஆகும்.

மொத்தமாக இழுக்காமல் ஃபோல்டர் ஃபோல்டராக நகலெடுங்கள். நடுவில் அறுந்தால் எங்கே விட்டோம் என்பது தெரியும். இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் பைட் அளவையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில படங்களைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் பழைய கணினியில் ஒரு படத்தைக்கூட அழிக்காதீர்கள்.