உடல் மெலிய விற்கும் மூலிகைத் தேநீரும் மாத்திரையும் உண்மையில் வேலை செய்யுமா?

வட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, 'ஒரு மாதத்தில் 10 கிலோ குறையும், முழுக்க மூலிகை' என்ற தேநீரை உங்கள் மச்சாள் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் ஒரு பாமசியில் வேலை செய்பவன் நான். அந்தத் தேநீர் வேலை செய்யாவிட்டால் பணம்தான் போகும். வேலை செய்தால்தான் எனக்குப் பயம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். 10 கிலோவுக்கு 77,000. சாதாரணமாக நடமாடும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்தாலும் 30 நாளுக்கு 60,000தான். அதாவது மாதம் முழுவதும் பச்சைத் தண்ணீரோடு பட்டினி கிடந்தாலும் 10 கிலோ கொழுப்பு கரையாது. பட்டினியே செய்யாததை ஒரு குவளைத் தேநீர் செய்யும் என்கிறார்கள்.

'முதல் கிழமையே 2 கிலோ இறங்கியதே' என்று யாராவது சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, இறங்கியிருக்கும். தேநீரோடு ஓர் உணவு அட்டவணையும் கொடுப்பார்கள்: சோறு, பாண், சீனி எதுவும் தொடக்கூடாது. மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். அந்தச் சேமிப்பு தீர்ந்தால் தண்ணீரும் போய்விடும். மீண்டும் புட்டும் சம்பலும் சாப்பிடத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் தராசு பழைய இடத்துக்கு வரும். இப்படிப்பட்ட தேநீர் பலவற்றில் நிலாவாரை இலை இருக்கும். அது பேதி மருந்து. சாப்பாட்டின் சத்தைச் சிறுகுடல் உறிஞ்சி முடித்த பிறகு பெருங்குடலைக் கலக்குவது, அவ்வளவுதான்.

அடுத்தது நமக்குப் பழக்கமான சரக்கு. 'கார்சினியா' என்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் குளிசை, மீன் கறியில் நாம் போடும் கொறுக்காய்ப்புளியின் சாறுதான். 1998இல் அமெரிக்காவில் 135 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை விழுங்கியவர்களைவிட அதிகமாக இவர்கள் மெலியவில்லை. கொறுக்காய் மெலிய வைக்குமென்றால் நிலாவெளியில் ஒருவருக்கும் வயிறு இருக்காது! கறிக்குப் போடுவதில் கவலை இல்லை. செறிவூட்டிய குளிசை சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது.

இனி, உண்மையிலேயே பசியை அடக்கும் 'மூலிகை'. ஒருமுறை ஓர் அக்கா தூக்க மாத்திரை கேட்டு வந்தார். நெஞ்சு படபடக்கிறது, வாய் காய்கிறது, இரவில் கண் மூட முடியவில்லை என்றார். வேறு என்ன பாவிக்கிறீர்கள் என்று கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளி நிறப் பைக்கற்றை எடுத்தார். பச்சை இலைப் படம். தொகுதி எண் இல்லை, காலாவதித் திகதி இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை. பின்பக்கம் விற்றவரின் தொலைபேசி எண் மட்டும் ஒட்டியிருந்தது. "மருந்து ஒன்றும் இல்லை தம்பி, வெறும் மூலிகைதான்" என்றார். தூக்க மாத்திரை கொடுக்கவில்லை. இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போகச் சொன்னேன்.

சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து இருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதாகப் பெரிய ஆய்வொன்றில் தெரியவந்ததால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் 'இயற்கை' என்று விற்ற மெலிவுக் குளிசைகளிலும் கோப்பியிலும் அதைக் கண்டுபிடித்ததாக அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. படபடப்பு, வாய் காய்தல், தூக்கமின்மை மூன்றும் அதன் பக்கவிளைவுகள். அக்காவின் பைக்கற்றில் அதுதான் இருந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். விற்றவராலும் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

எடை குறைக்க நிரூபிக்கப்பட்ட மருந்துகள் உண்டு: ஓர்லிஸ்டாட், செமாக்ளூடைட் ஊசி. அவற்றை வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

மச்சாள் ஏற்கெனவே குடிக்கத் தொடங்கியிருந்தால் திட்டாதீர்கள், ஒளித்துக் குடிப்பார். நிறுத்தச் சொல்லுங்கள், பைக்கற்றை எறிய விடாதீர்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனாலோ, நெஞ்சு வலித்தாலோ அந்தப் பைக்கற்றையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.