கரும்பொருள் இல்லாமல் கேலக்ஸி சுழலுமா?

கேள்வி: ஈர்ப்பு விதியைத் திருத்தினாலே கேலக்ஸிகளின் சுழற்சி வேகத்தை விளக்கிவிடலாம், கரும்பொருள் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) வேண்டாம் என்கிறார்களே, எப்படி?

பதில்: 1983-ல் இஸ்ரேலிய இயற்பியலாளர் மோர்தஹாய் மில்க்ரோம் முன்வைத்த கருத்து இது. முடுக்கம் 1.2 × 10⁻¹⁰ மீட்டர்/விநாடி²-க்கு மிகக் கீழே போனால், ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக அல்ல, தூரத்துக்கே தலைகீழாகக் குறையும். அப்போது வேகத்தின் நான்காம் படி = ஈர்ப்பு மாறிலி × நிறை × அந்த முடுக்கம். தூரமே சமன்பாட்டில் இல்லை, பாருங்கள்! ஓரத்திலும் வேகம் சரியாதது அதனால்தான்.

5,000 கோடி சூரிய நிறையுள்ள கேலக்ஸியில், மையத்திலிருந்து 98,000 ஒளியாண்டு தள்ளி நியூட்டன் கணக்குப்படி விநாடிக்கு சுமார் 85 கி.மீ. வேகம்தான் வரும். மில்க்ரோம் கணக்கில் 168.

நீங்களே போட்டுப் பார்ப்பதானால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நிறையைக் கூட்டும்போது ஹைட்ரஜன் வாயுவை விட்டுவிடாதீர்கள். ஹீலியத்துக்காக அதை 1.33 ஆல் பெருக்குங்கள். பல குட்டி கேலக்ஸிகளில் விண்மீன்களைவிட வாயுதான் அதிகம். அடுத்தது சாய்வுக் கோணம், அதாவது கேலக்ஸியின் தட்டு நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது (நேர்முகமாகத் தெரிந்தால் 0 பாகை). 30 பாகையை 25 என்று எடுத்தால் வேகம் 18 சதவீதம் கூடும். நான்காம் படி என்பதால் நிறை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

தனி கேலக்ஸிகளில் அழகாகப் பொருந்தும் இந்த விதி, கேலக்ஸிக் கொத்துகளில் உதைக்கிறது. அங்கே இதன்படி பார்த்தாலும், கண்ணுக்குத் தெரியும் நிறையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்படுகிறது. என் பார்வையில் இதன் பெரிய பலவீனம் அதுதான்.