41, 42ஆம் பகுதிகள்: ஒரே தட்டாக இருக்கலாம்

வணக்கம். ஆஸ்திரேலியாவின் கிரேஸ் கிப்சன் நிறுவனம் தயாரித்த 1950களின் வானொலித் தொடரில் 41, 42ஆம் பகுதிகள் மட்டும் எங்குமே கிடைக்கவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். அடுத்தடுத்த எண்கள் என்பதே நல்ல தடயம். அன்று நிலையங்களுக்குப் போனவை 16 அங்குல இசைத்தட்டுகள். ஒரு பக்கம் ஏறத்தாழ 15 நிமிடம்தான், அதாவது ஒரு பகுதிதான் கொள்ளும். ஆகவே நீங்கள் தேடுவது ஒரே தட்டின் இரு பக்கங்களாக இருக்கலாம்.

கான்பெராவிலுள்ள தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்துக்குப் பகுதி எண்ணோடு எழுதுங்கள். அங்கே இல்லையென்றாலும் மனம் தளராதீர்கள். இத்தொடர்கள் நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா வரை விற்பனையானவை. அந்தப் பிரதிகள் மீதுதான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

தட்டு கிடைத்தால் லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். அதை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண்ணை, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். தயவுசெய்து வீட்டு ஊசியில் ஓட்டிவிடாதீர்கள்.